மறுதரப்பின் நியாயம்

ஒருவரை நம்பவைக்க மூன்று வழிகள் உண்டு என்று வேரோனிக்கா கரும்பலகையில் எழுதாத கிழமை இல்லை. காரணம் காட்டலாம், மனத்தைத் தொடலாம், சொல்கிறவர் மேல் நம்பிக்கை வரச் செய்யலாம். காரணமே இல்லாமல் மனத்தை மட்டும் தொட்டால் அது நியாயம் அல்ல, போலி. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள், தொண்ணூற்றைந்தில் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு மாலை வகுப்பில், வேலை முடிந்து களைத்து வரும் பெரியவர்களுக்கு வாதக் கட்டுரை படிப்பித்துக்கொண்டிருந்தாள்.

உணவகங்களில் புகைபிடிப்பதைத் தடுக்க வேண்டுமா என்று கேட்டால், வகுப்பில் மூத்தவரான குஞ்சித்தம்பி அண்ணை தடுக்கச் சொன்ன கவுன்சிலரின் குடும்பக் கதையைப் பக்கம் பக்கமாக எழுதினார். ஆளை விட்டுவிட்டுக் கருத்தைப் பிடியுங்கள் என்றால், ஆள் சரியில்லாவிட்டால் கருத்து எங்கேயிருந்து சரியாக வரும் என்று திருப்பிக் கேட்டார். அவரையாவது சிரித்துச் சமாளிக்கலாம்.

மட்டக்களப்புக் கோணேஸ்வரியைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. புகைபிடித்தல், பள்ளிச் சீருடை, கடைசி பஸ் நேரம், எதில் தொடங்கினாலும் கட்டுரையின் கடைசிப் பந்தி இராணுவம் வந்து அவள் புருஷனைக் கொண்டுபோனதில்தான் முடியும். இரண்டு தரம் சோதனையில் தவறிவிட்டாள். இம்முறையும் தவறினால் முதியோர் பராமரிப்புக் கோர்ஸில் அவளுக்கு வைத்திருக்கும் இடம் போய்விடும்.

“கோணேஸ், பாவம் பாத்து மார்க் போடமாட்டினம். பஸ்ஸுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?”

“அகதிக் கேஸில இதச் சொன்னதாலதானே டீச்சர் என்னை ஓம் எண்டு எடுத்தவனுகள்.”

வேரோனிக்கா எரிச்சலில் இன்னும் கடுமையாக நெருக்கினாள். கண்ணீர் வேண்டாம், காரணங்களை வரிசைப்படுத்துங்கள், மறுதரப்பின் நியாயத்துக்கு ஒரு பந்தி ஒதுக்குங்கள் என்று தொண்டை கட்டும்வரை சொன்னாள்.

கோணேஸ்வரி பாஸ் பண்ணினாள். வடை சுட்டுக்கொண்டு வந்தாள். கூடவே இரண்டு தாள். புதிதாக வந்திறங்கிய தங்கை சுலக்சனாவின் அகதி வழக்குக்கு அக்காவே உட்கார்ந்து எழுதிக்கொடுத்ததாம். நாளைக்கு லோயரிடம் போகிறது, டீச்சர் ஒருக்கால் பார்த்தால் நல்லதாம்.

வடையைக் கடித்தபடி வேரோனிக்கா வாசித்தாள். முதலாவது காரணம், இரண்டாவது காரணம், அச்சொட்டாகப் படிப்பித்தபடியே. மூன்றாம் பந்தியில் வடையைக் கீழே வைத்தாள். ‘இராணுவத்தின் பக்கமும் சில நியாயங்கள் இருப்பதை மறுக்க முடியாது.’

“உங்கட அவரைக் கொண்டுபோகேக்கை சுலக்சனாவும் வீட்டிலையோ நிண்டவ?”

“ஓம். அவட கையிலதான் புள்ளயக் குடுத்துட்டுப் போனவர்.”

“அது இதிலை இல்லையே.”

“அது பாவம் பாக்கச் சொல்ற கத டீச்சர். போலி எண்டு நீங்கதானே சொன்னீங்க.”

வேரோனிக்கா தலையில் கைவைத்தாள். பிறகு சிவப்புப் பேனாவால் மூன்றாம் பந்தியைக் குறுக்கே வெட்டினாள்.

“அகதிக் கேஸிலை அதுதான் ஆதாரம், கோணேஸ். இருங்கோ. அவர் பிள்ளையை எப்பிடிக் குடுத்தவர்? அதிலையிருந்து எழுதுங்கோ.”

கோணேஸ்வரி வெட்டிய பந்தியைப் பார்த்தாள். “அப்ப மறுதரப்பு?”

“மறுதரப்பு தங்கட கட்டுரையைத் தாங்களே எழுதட்டும்.”