மாமியின் கன்னத்தில் ரேடியம்

மாமியார் முகத்தை உற்றுப் பார்த்ததற்காக ஆஸ்பத்திரியில் ஏச்சு வாங்கிய மருமகன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

லைசால் மருந்து வாடையும் நொய்க்கஞ்சி வாடையும் கலந்த ஒரு சாயங்காலம். விளக்கு ஏற்றவில்லை. ரேடியம் வைத்த கைக்கடிகாரம் இருட்டில் பச்சையாக மின்னுவதை வடசேரிச் சந்தையில் ஒரு முதலாளி கையில் பார்த்திருக்கிறேன். மாமியின் கன்னத்துக்குள் குத்தி வைத்திருந்ததும் ரேடியம் ஊசிதானே... அதுவும் மின்னுமோ என்று வாசலில் நின்று கழுத்தை நீட்டினேன்.

"ஓய், அங்க என்ன பாக்கீரு? தரையில போட்ட கோட்டுக்கு இந்தால நில்லும்!" என்றார் நர்ஸம்மா.

மாமி சட்டென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நம்ம பக்கம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த கடைசிக் காலம் அது. எட்டாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு நான் வாழைக்குலை வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம். என் மனைவி செல்லம்மைக்கு ஏழாம் மாசம். மாமனார் உயிரோடு இல்லை, மைத்துனனும் கிடையாது. ஆகவே மாமிக்கு ஆஸ்பத்திரித் துணை நான்.

இதில் ஒரு சங்கடம்... மாமி என்னிடம் பேசமாட்டார். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. மருமகன் சாப்பிட உட்கார்ந்தால் மாமியார் கதவுக்குப் பின்னால் நிற்பார். கதவில் விரலால் தட்டினால், 'இன்னும் சோறு வேணுமா' என்று அர்த்தம். போதுமென்றால் நான் தொண்டையைச் செருமவேண்டும். ஒரு வருஷமாக எங்கள் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

மாமி புகையிலை போடுவார். கன்னத்துக்குள் புண் வந்து மாசக்கணக்காகியும் எங்களுக்குத் தெரியவில்லை. வாயை மூடிய முந்தானையை எடுத்தால்தானே தெரியும்! நாங்கள் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கஞ்சியே இறங்காமல் போனபிறகுதான் இந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தோம். புற்று என்றார்கள், ரேடியம் வைத்துத்தான் எரிக்கவேண்டுமாம்.

ஊசிகளைக் கன்னத்தில் குத்தி, ஒவ்வொன்றின் நூலையும் வெளியே எடுத்துப் பிளாஸ்திரி போட்டிருந்தார்கள். ஒரு வாரம் இருக்கவேண்டும். வாயை அசைக்கக் கூடாது, பேசக் கூடாது. நர்ஸம்மா வரும்போதெல்லாம் நூல்களை எண்ணிப் பார்ப்பார். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு. ரேடியத்தின் கதிர் மேலே படுமாம், நான் அதைத் தாண்டக் கூடாது.

கர்ப்பிணிகள் அந்த வராந்தாவுக்கே வரக் கூடாது.

ஆனால் செல்லம்மை வந்துவிட்டாள். பஸ் பிடித்து, கையில் தூக்குவாளியோடு.

"ஏட்டி, சொன்னா கேளு... வயித்துல பிள்ள இருக்கு. உள்ள போவாதே."

"எனக்க அம்மைய நான் பாக்கக் கூடாதா? நீங்க மட்டும் கொமரியில கடல் பாக்க வந்தவுக மாதிரி நின்னு பாக்கிய. வழிய விடுங்க!"

நான் கையை விரித்து மறித்தேன். அவள் குனிந்து என் கைக்குக் கீழே நுழைந்துவிட்டாள். ஏழு மாச வயிற்றோடு எப்படிக் குனிந்தாளோ...

கட்டில் கம்பியில் டக்டக்கென்று மாமி தட்டினார். கதவில் தட்டுகிற அதே தட்டு. செல்லம்மை நிற்கவில்லை. கோட்டை மிதிக்கப்போகிறாள்...

"ஏட்டி, வெளிய போ!"

மாமியின் குரலை முழுசாக அன்றைக்குத்தான் கேட்டேன். என்ன குரல்! வராந்தாவே அதிர்ந்தது. செல்லம்மை அப்படியே நின்றாள். மாமியின் வாயோரத்தில் ரத்தம் வந்தது.

நர்ஸம்மா ஓடிவந்து நூல்களை எண்ணினார். ஒன்று குறைந்தது.

விழுங்கிவிட்டாரோ? வயிற்றுக்குள் போயிருந்தால்? செல்லம்மையை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய் மாமரத்தடியில் உட்காரவைத்தேன். அவள் அழுதாள். உள்ளே தலையணை, விரிப்பு, துப்பும் பாத்திரம் எல்லாவற்றையும் தேடினார்கள். கடைசியில் தலையணை உறை மடிப்பில் ஊசி நூலோடு கிடைத்ததாம். டாக்டர் திரும்பக் குத்தி வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"டாக்டரே, இவ உள்ள கொஞ்சம் போயிட்டா. பிள்ளைக்கு ஏதாவது...?"

"கோட்டத் தாண்டலேல்லா? பயப்பட வேண்டாம்." பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார்: "ரேடியம் உம்ம பழுத்த வாழைக்குல மாதிரியாக்கும். மூலையில வச்சாலும் மணம் வீடு பூரா போகும். அமெரிக்காவுல புரோட்டான் கதிர்னு ஒண்ண வச்சு ஆராய்ச்சி பண்ணுதாவ. அது ஒடம்புக்குள்ள போயி, கட்டி இருக்க எடத்துல நின்னுரும். அதுக்கு அப்பால போவாது."

"நில்லுன்னா நிக்குமா டாக்டரே? எங்க வீட்டுல ஒருத்தி நிக்க மாட்டேங்கா."

டாக்டர் சிரித்துவிட்டார். "இங்க எப்ப வரும்?" என்று கேட்டேன். "ஒம்ம பேரப்பிள்ள காலத்துல வரட்டும்" என்றார்.

பிரசவம் ஆகும்வரை எனக்கு ஒழுங்கான உறக்கம் இல்லை. மகள் பிறந்ததும் கையில் வாங்கி, காது, மூக்கு, விரல் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "என்னவோய், குல பழுத்திருக்கான்னு பாக்கீரா?" என்று மருத்துவச்சி கேட்டாள்.

அந்த மகளின் மகள் இன்று வெளிநாட்டில் இதே புரோட்டான் ஆராய்ச்சியில் இருக்கிறாள். போன வாரம் போனில் தன் மெஷினைக் காட்டினாள். எங்கள் பழைய வீட்டைவிடப் பெரிசு! எல்லாப் புற்றுக்கும் இதுதான் மேல் என்று இன்னும் சொல்லிவிட முடியாதாம், அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். கட்டி எங்கே, எவ்வளவு ஆழம் என்று படத்திலேயே முதலில் அளந்துவிடுகிறார்கள். மறைக்க முந்தானை உதவாது.

அன்றைக்கு மாமி குணமாகி வீட்டுக்கு வந்தார். புண் திரும்ப வரலாம், அடிக்கடி வாயைப் பார்க்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செல்லம்மை கேட்டால், "நாளைக்குக் காட்டுதேன்" என்று தள்ளிப்போடுவார். மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டதும் மாமிதான். ஆனாலும் நான் சாப்பிட உட்கார்ந்தால் கதவுக்குப் பின்னால்தான்.

டக்... என்று தட்டுவார். சோற்றை உருட்டிக்கொண்டே கதவைப் பார்ப்பேன். பிறகு தொண்டையைச் செருமுவேன். போதும் என்று நினைத்துக்கொள்வார்.

சொல்ல வந்து தொண்டையில் நின்றது வேறு.

'மாமி... கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்து வாயத் திறந்து காட்டுங்க.'