கயிற்றில் இறங்கிய நாவல்

மர்லியாவின் கதாநாயகி வருடக்கணக்காக இரத்மலானை பஸ் தரிப்பிடத்திலேயே நின்றாள். பஸ் வந்தால்தானே ஏறுவாள், ஏறினால்தானே கதை நகரும்? மர்லியா முதல் அத்தியாயத்தை எழுதுவாள், வாசித்துக் காட்டுவாள், கிழிப்பாள், திரும்ப எழுதுவாள். முதலில் மழை பெய்தது. கல்கிசையில் இருக்கும் தங்கை பஹ்மா, மழையில் தொடங்குகிற கதை பழசு என்றாள். வெயில் வந்தது. கணவர் ஹபீஸ், அந்த இடத்தில் நிழலே இல்லையே என்றார். ஒரு மரம் வந்தது. பஸ் மட்டும் வரவில்லை.

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் எனக்கு நேர் மேல்வீடு மர்லியா. ஐம்பதைத் தாண்டியவள், திரைச்சீலை தைப்பவள். நாவல் எழுத வெளிக்கிடுகிற ஆட்களுக்கு ஏதாவது சொல்லச் சொல்லி என் பேத்தி யதுஷா கேட்கிறாள். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, நான் சொல்ல அவள் எழுதுகிறாள். எனக்குத் தெரிந்த ஒரே நாவல்காரி மர்லியாதான். ஆகவே அவளைப் பற்றியே சொல்வேன்.

இந்த வருடம் ஒரு பதிப்பகம் நாவல் போட்டி வைத்தது. நோன்பு தொடங்குமுன் அனுப்பவேண்டும். நோன்பு வந்தால் பெருநாள் தையல் கழுத்துவரை வந்துவிடும். இந்த முறையும் முடிக்காவிட்டால் இனிப் பேனையே தொடுவதில்லை என்றாள் மர்லியா. எதைச் சொன்னாலும் சிரிப்பவள், அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நினைத்தால்தான் ஓடும். அதனால் எல்லாக் குசினி யன்னலிலும் கயிறு கட்டிய பை ஒன்று தொங்கும். பேக்கரிப் பாண் விற்கும் பாண்காரரின் ஆட்டோ கீழே பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் பை இறங்கும், பாணோடு ஏறும். மர்லியாவின் பை என் யன்னலைக் கடந்துதான் போகவேண்டும். ஒருநாள் காலை அது கடக்காமல் என் முன்னால் நின்றது. உள்ளே எழுதிய கடதாசிகள்.

“அன்ரி, இத எடுத்து வைங்க,” என்று மேலேயிருந்து தலையை நீட்டினாள். “முடியிற வரக்கிம் நான் கேட்டாலும் தர வாணாம்.”

ஏன் என்னிடம் என்று கேட்டேன்.

“ஊட்டுல வெச்சா எடுத்துத் திருத்துவன். பஹ்மாக்கிட்டக் குடுத்தா வாசிச்சிட்டு ஏதாச்சும் சொல்லுவா. நீங்க வாசிக்கவும் மாட்டீங்க, புடிச்ச புடிய விடவும் மாட்டீங்க.”

இரண்டும் உண்மைதான். அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் பை வந்தது. விடியச் சுபஹு தொழுதுவிட்டு எழுத உட்காருவாள். பாண்காரரின் பாட்டுக் கேட்டால் வசனம் பாதியில் நின்றாலும் எழும்பிவிடுவாள். வசனத்தின் மிச்சம் அன்று முழுக்க அவளுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்குமாம். மறுநாள் எங்கே தொடங்குவது என்ற யோசனையே இல்லை. அந்தப் பிள்ளைக்கு பஸ் வந்ததா என்று ஹபீஸ் வழக்கம்போலப் பகிடி பண்ணினார். அவள் ஏறி, இறங்கி, நுகேகொடையில் கலியாணமும் பேசியாகிவிட்டது என்று மர்லியாவிடமிருந்து பதில் வந்தது.

அந்தக் கலியாணம்தான் வினையானது. தாலி கட்டும் நேரத்தில் பெண்ணுக்கு ஒரு மாமா தேவைப்பட்டார். அந்த மாமாவை மர்லியா ஏற்கெனவே சாகடித்திருந்தாள். படியிறங்கி ஓடிவந்து என் கதவைத் தட்டினாள்.

“அன்ரி, அந்தக் கடதாசியத் தாங்களேன். மாமாவ உசுரோட வெச்சிட்டு ஒடனே தந்திருவன்.”

“தரமாட்டன், பிள்ளை.”

“என்ட கதை அன்ரி அது.”

“உம்மட கதைதான். திறப்பு என்னட்ட இருக்கு.”

கோபத்தில் மேலே போய்விட்டாள். மறுநாள் பை வரவில்லை. அதற்கு மறுநாள் என் யன்னலைப் பாணுக்காக மட்டும் கடந்தது, அதுவும் விறுக்கென்று. நோன்பு நெருங்கிக்கொண்டிருந்தது. நானும் திறப்பை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஆனாலும் அலுமாரியைத் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் பை வந்து நின்றது, கடதாசியோடு. என்ன நடந்தது என்று பிற்பாடுதான் சொன்னாள். ஒரு பெரிய திரைச்சீலையைக் கையால் நீட்டு நீட்டாகத் தைத்துக்கொண்டிருந்தாளாம். முழுத்துணியையும் அப்படி இழையோட்டித் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் மெஷின் தையல். நடுவில் ஒரு கோணல் கண்டால் அடையாளம் வைத்துவிட்டு மேற்கொண்டு தைத்துப் போவதுதான் அவள் வழக்கம். அன்றும் அப்படியே சோக்கால் ஒரு கீறு போட்டுவிட்டுத் தைத்தாளாம். கை செய்ததைப் பார்த்துத்தான் தனக்குச் சிரிப்பு வந்தது என்றாள். மேசைக்கு வந்து, ‘மாமா சாகவில்லை, பிறகு பார்’ என்று ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதிவிட்டு, மாமாவைக் கலியாணப் பந்தலில் முன்வரிசையில் உட்காரவைத்தாள்.

கடைசிக் கடதாசியோடு என் பங்குக்கு முதலை வடிவத்தில் ஒரு கிம்புலா பணிஸும் இறங்கியது. நான் அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் பையில் வைத்தேன். கயிறு தாங்கவில்லை. ஹபீஸ் இறங்கிவந்து தூக்கிக்கொண்டு போனார். போனவர் வீடு போய்ச் சேரவில்லை, படியிலேயே உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார். மர்லியா சிவப்புப் பென்சிலோடு வந்து கேட்டாள், திருத்தவேண்டும், போட்டிக்கு நேரமில்லை என்றாள்.

அவர் கடதாசியிலிருந்து தலையை எடுக்கவில்லை. “கொஞ்சம் பொறுங்க, இப்பத்தான் பஸ் வருது,” என்றார்.