தயிர்ச்சோற்றுப் பூனைகள்

“எங்கட வீட்டுப் பூனையள் சைவம், பிள்ளை. உதுகள் இறைச்சி தொடாது.”

இதைச் சொன்னவர் அன்ரி, கட்டுகஸ்தோட்டையில் நான் அறை எடுத்திருக்கும் வீட்டின் சொந்தக்காரி. யாழ்ப்பாணத்தவர். கணவர் கண்டியில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக் காலமானவர். அந்த வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. தாயும் மகளுமான இரண்டு வெள்ளைப் பூனைகளும் தயிர்ச்சோற்றில் வளர்ந்தவை.

நான் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். எங்கள் குடும்பத்தில் படித்து முடித்த முதல் ஆள். பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். தாய்ப்பூனை சாப்பாட்டு மேசைக் கதிரைக் காலில் முட்டிக்கொள்வதை முதலில் கவனித்தது நான்தான். அதில் எனக்குப் பெருமை உண்டு. பட்டப்பகலிலும் அதன் கருமணி விரிந்தே கிடந்தது.

கூடையில் வைத்துப் பேராதனைப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். பூனைக்கு இறைச்சியில் இருக்கும் ஒரு சத்து கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் கண் கெடும், பிறகு இதயமும் கெடும் என்றார். தாய்க்குப் போன பார்வை திரும்பாது. மகளின் கண்ணைக் காப்பாற்றலாம். கோழி இதயத்தைப் பச்சையாகக் கொடுங்கள், அவித்தால் அந்தச் சத்தில் கொஞ்சம் தண்ணீரோடு போய்விடும் என்றும் சொன்னார்.

பஸ்ஸில் அன்ரி கூடையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும்தான் இறைச்சி தொடாது என்ற அந்தப் பேச்சு. ஆனாலும் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பின்பக்கக் குழாயடியில் மட்டும் கொடுக்கலாம். தனிக் கத்தி, தனிப் பீங்கான் தட்டு. வெட்டியவர் தலைமுழுகிவிட்டுத்தான் சமைக்கிற குசினிக்குள் வரலாம். எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன்.

பூனைகள் சம்மதிக்கவில்லை. தாய் முகர்ந்துவிட்டு விலகிப் போனது. மகள், அசிங்கத்தை மூடுவதுபோல, முன்காலால் மண்ணைத் தள்ளி அந்தத் துண்டை மூடப் பார்த்தது.

குசினி யன்னலில் நின்ற அன்ரிக்கு ஒரே சந்தோசம். “பாத்தீரே? உம்மட விஞ்ஞானத்தைவிட அதுகளின்ர ஆசாரம் பெரிசு.”

பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரக் கூடாது என்று வைத்தியர் எச்சரித்திருந்தார். அதனால் நகத்தளவு இறைச்சியைச் சோற்றில் பிசைந்து கொடுத்தேன். குளிர்ந்திருந்தால் தொடவில்லை. எலி சூடாகத்தானே இருக்கும் என்று யோசித்து, கிண்ணத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கினேன். மகள் முதலில் சோற்றைத் தின்று துண்டை ஒதுக்கியது. மெல்ல மெல்ல இறைச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஒரு காலையில் துண்டைத் தின்று சோற்றை ஒதுக்கியது. அன்று பாடசாலையில் பிள்ளைகளுக்குப் பூனைக்கதை தவிர வேறு பாடமே நடக்கவில்லை.

அதன்பின் தினமும் விடிந்ததும் கோழிக்கடைக்குப் போவது என் வேலையாயிற்று.

ஒரு வியாழக்கிழமை, என்னோடு படிப்பிக்கும் ஓர் ஆசிரியையின் அலவத்துகொடை வீட்டுக்குப் போயிருந்தேன். கண்டி டவுனில் குண்டு வெடித்துவிட்டது என்று செய்தி வந்தது. கடைகளைச் சாத்தினார்கள், ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். அங்கேயே தங்கிவிட்டேன். அன்ரியை நினைத்துத்தான் பயம். முன்பு தமிழருக்கு எதிரான ஒரு கலவரத்தில் அவர் வீட்டு முன்கதவை எரித்திருந்தார்கள். அன்றிலிருந்து இப்படி ஏதாவது நடந்தால் யன்னலையும் அடைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பார். பூனைகளுக்குத் தயிர்ச்சோறுதான் கிடைக்கும், பட்ட பாடெல்லாம் வீண் என்றும் நினைத்தேன்.

மறுநாள் பின்னேரம் சட்டம் தளர்ந்ததும் ஓடி வந்தேன். குழாயடியில் கத்தி கழுவி வைத்திருந்தது. பீங்கான் வெறுமையாக இருந்தது. அன்ரி ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார்.

பின்வீட்டு முஸ்லிம் குடும்பம், கடை இல்லாததால் வீட்டுக் கோழியை அறுத்திருக்கிறது. சத்தம் கேட்டு அன்ரி கதவைத் திறந்துகொண்டு வேலியடிக்குப் போய், இதயத்தையும் ஈரலையும் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

“அந்த மனுசி பேயைக் கண்டமாதிரிப் பாத்தா,” என்றார்.

“யாரு அன்ரி வெட்டினது?”

“நான்தான். பின்னை, பூனையே வெட்டுறது?”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமையாச்சே.”

“வெள்ளிக்கிழமை எண்டு அதின்ர கண்ணுக்குத் தெரியுமே, பிள்ளை?”

வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கவும் அவர் மறக்கவில்லை. நான் செய்தது சுலபம். எங்கள் தோட்டத்து லயத்தில் இறைச்சி என்றால் பண்டிகை. அவருக்கு அது பிறந்ததிலிருந்து தொடாத பொருள். ஊரே கதவைச் சாத்திய நாளில் கதவைத் திறந்துபோய் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். நான் மதிக்கும் படித்தவர்கள் பலரிடம் இந்தத் துணிவை நான் கண்டதில்லை.

மகளின் கண் கெடவில்லை. சுவரில் ஓடும் பல்லியை இன்னும் குறி தவறாமல் பிடிக்கிறது. தாய் கதிரைகளின் இடத்தைப் பழகிக்கொண்டது.

ஊரடங்கு மறுபடியும் வரும். அன்ரி இன்னொரு தடவை வேலியடியில் போய்க் கேட்க வேண்டியதில்லை. போன சனிக்கிழமை ஒரு பழைய சின்ன பிரிட்ஜை த்ரீவீலரில் ஏற்றிவந்து பின்விறாந்தையில் வைத்துவிட்டேன். கோழி இதயங்களை நாளுக்கு ஒன்றாகச் சின்னப் பொட்டலங்கள் கட்டி அதன் ஐஸ் தட்டில் அடுக்கியாயிற்று.