வீட்டில் மூன்று பேர்

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கையில் ஊசி குத்திப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் என் கை மட்டும் வீங்கிக் கிடந்தது. வீட்டில் யாருக்குக் கசம், அதாவது காசநோய், இருக்கிறது என்று பார்க்க நர்ஸ் வருவார் என்று சுகாதாரக் கந்தோர் கடிதம் போட்டது. வீட்டில் இந்த நாட்டு மொழி எனக்கு மட்டும்தான் தெரியும்; அதை வாசித்துச் சொன்னதும் நான்தான். எனக்கு ஒன்பது வயது.

பிழைக்க வந்த நாட்டில், போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் எங்களுக்கு ஒரே அறை. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பி. மாமாவிடம் பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதிப் பேப்பர் இல்லை, இருமல் இருந்தது. கசம் என்ற சொல்லை நாங்கள் வாயில் எடுக்கவில்லை. சளி என்றோம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம்.

"கேட்டா மூண்டு பேர் எண்டு சொல்லு. மிச்சம் ஒண்டும் கதைக்காதை. மாமாவைப் பிடிச்சு அனுப்பிப் போடுவாங்கள்" என்றார் அம்மா.

நர்ஸ் வரும் நாளன்று மாமா பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார்.

"அக்கா, அவவுக்குக் கோப்பி ஊத்தேக்கை எனக்கும் ஒண்டு அனுப்பி விடுங்கோ."

"வாயைப் பொத்திக்கொண்டு கிட. இருமினியெண்டா நானே குவெஸ்தூராப் பொலிசிலை கொண்டுபோய் விடுவன்."

நர்ஸ் வயதானவர். எத்தனை பேர் என்றார். மூன்று என்றேன். இருமல்? இல்லை என்றேன். அப்போது மேலே மாடியில் இருமல் தொடங்கியது. நிற்கவில்லை.

அவர் பேனாவை மூடினார். என் பக்கம் குனிந்தார். நாங்கள் பொலிஸ் இல்லை, யாரிடமும் சொல்லமாட்டோம், பேப்பர் இல்லாவிட்டாலும் மருந்து சும்மா தருவோம், அம்மாவிடம் சொல்லு என்றார். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது.

"என்னவாம்?" அம்மாவின் முகம் வெளிறியிருந்தது.

"ஒண்டுமில்லை. கோப்பி நல்லா இருக்காம்."

மிச்சம் கதைக்கக்கூடாது என்றுதானே அம்மா சொல்லியிருந்தார். அன்று எனக்குப் பெரிய முட்டைப் பொரியல் கிடைத்தது.

மூன்று பேருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். எனக்கு மட்டும் மாதக்கணக்கில் விழுங்கக் குளிசை தந்தார்கள். "பேப்பர் இருக்கிற ஆக்களுக்குக் குடுப்பினம்" என்றார் அம்மா.

மாரி முடியமுன் மாமா இரத்தமாகக் கக்கினார். ஆஸ்பத்திரியில் ஒருவரும் பெர்மெஸ்ஸோ கேட்கவில்லை. பிந்திவிட்டது, ஆள் தப்பாது என்றார் டொக்டர். அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை.

அம்மா நிலத்தில் இருந்துவிட்டார்.

"பேப்பர் கேக்கமாட்டினம் எண்டு ஒரு ஆள் எனக்குச் சொல்லியிருந்தா முந்தியே கூட்டி வந்திருப்பனே."

பக்கத்தில்தான் நின்றேன். அந்த ஒரு ஆள் யார் என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை.