கோயில் அலமாரியில் கிடந்த பிலிம்

ஆவூருக்கு நான் இயற்பியல் ஆசிரியையாக வந்து மூன்றாவது வருஷம். வெள்ளையடிப்பதற்காக மாதா கோயில் அலமாரியை ஒதுக்கியபோது பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"டீச்சர், இது என்னன்னு பாருங்க."

துருப்பிடித்த வட்ட டப்பா. மூடியை நெம்பியதும் புளித்த காடி நெடி மூக்கில் ஏறியது. உள்ளே சுருட்டிய பிலிம். முனையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நகத்தளவு கட்டத்துக்குள் ஒரு தேர்! சுற்றிலும் கூட்டம்!

பழைய பிலிமைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிற ஒருவரைச் சென்னையில் தேடிப்பிடித்துப் போன் செய்தேன். நெடியைச் சொன்னதுமே அவர் பதறினார்.

"பிலிம் கெட்டுப்போகுதுங்க. புரொஜெக்டர்ல மட்டும் போட்டுடாதீங்க, நொறுங்கிடும். வெயில் படாம சீக்கிரம் கொண்டாங்க."

அந்தச் சனிக்கிழமையே கிளம்பினேன். டப்பாவை மடியைவிட்டு இறக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா முகர்ந்து பார்த்து, "ஊறுகாயா?" என்றார்.

சென்னைக்காரர் பிரித்துப் பார்த்தபோது, பிலிமின் நடுவில் ஒரு பகுதி ஒட்டிக் கட்டியாகியிருந்தது. அதை மீட்க முடியவில்லை. மிச்சத்தைத் துடைத்து, ஒவ்வொரு கட்டமாகப் படம்பிடித்து, ஏழு நிமிடத்தைத் தேற்றிக் கொடுத்தார். பிலிமை அவருடைய குளிர் அறையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

பள்ளிக்கூட ஹாலின் வெள்ளைச் சுவரில் திரையிட்டோம். ஊரே வந்திருந்தது. தேர் திரும்பும் இடத்தில், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டு, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"நிப்பாட்டுங்க!" காய்கறி விற்கும் அக்கா எழுந்து நின்று கத்தினார். பக்கத்திலிருந்த தம்பியின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவரும் ஆட்டோக்காரர், ஐம்பது தாண்டியவர். "டேய், அது ஆத்தாடா! இடுப்புல இருக்கது நீதான்டா!"

இவருக்கு விவரம் தெரியும் முன்னே அந்தம்மா இறந்துவிட்டாராம். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது.

ஹாலில் ஒரே கூச்சல். ஆட்டோக்காரர் மட்டும் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"டீச்சர், சத்தம் வராதா?"

"இல்லைங்க. அந்தக் கேமராவில சத்தம் பதியல."

"பரவாயில்ல. சிரிக்கிறது தெரியுதுல்ல. இன்னொருக்கா ஓட்டுங்க."

ஒன்பது தடவை ஓட்டினோம். மறுநாளிலிருந்து அவர் ஆட்டோவில் ஏறுகிற யாரும் செல்போனில் அவருடைய அம்மா சிரிக்கும் அந்த நான்கு நொடியைப் பார்க்காமல் இறங்க முடியவில்லை.