ஒரு சாண் தள்ளி

என் மச்சானை எல்லோரும் 'டெஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வயரிங் வேலை. கரண்ட் இருந்தால் சிவப்பாக எரியுமே, அந்த டெஸ்டர் அவர் சட்டைப் பையை விட்டு இறங்கியதே கிடையாது. அவருடைய கல்யாண ஃபோட்டோவில்கூட எட்டிப் பார்க்கும். பெண்டாட்டியை நம்புவதைவிட அதைத்தான் நம்புகிறார் என்று கேலி செய்வேன். இப்போது செய்வதில்லை.

எங்கள் மியூசிக் பேண்டை ஆரம்பித்தவர் அவர்தான். தெரிந்த லாண்டரியின் பின்னறையை வார விடுமுறையில் கேட்டு வாங்கி, சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினார். அவர் பேஸ் கிட்டார். பிரெட் வேன் ஓட்டும் நான் டிரம்ஸ். பல் கிளினிக்கில் வரவேற்பில் உட்காரும் என் மனைவி, அதாவது அவருடைய ஒரே தங்கை, கிட்டாரும் பாட்டும். மூவரும் ஒரே குடும்பம், சண்டைக்கு வெளியே ஆள் தேட வேண்டியதில்லை.

அவள் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்க ஒரு பழைய ஆம்ப். ஓயாமல் இரையும். முதல் பாட்டைப் பதிவு செய்த அன்று மச்சான் அதன் பிளக்கைத் திறந்து என்னவோ செய்தார், இரைச்சல் அடங்கிவிட்டது. கைராசி என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார். அந்தப் பாட்டுதான் எங்களை நாலு பேருக்குத் தெரிய வைத்தது. காபிக் கடை, கல்லூரி, சின்ன அரங்கம் என்று கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மைக் கடிக்கிறது என்று என் மனைவி சொல்ல ஆரம்பித்தாள். உதடு பட்டால் சுருக்கென்கிறதாம். மச்சான் டெஸ்டரை மைக்கில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை.

"மைக்ல ஒண்ணுமில்ல. உனக்குத்தான் மேடைன்னா உதறல்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று பாடப் பழகினாள். தூரத்திலிருந்து கேட்கும் அந்தக் குரலே எங்கள் பாணி என்று ஒரு பத்திரிகை எழுதியது. மச்சான் அதை வெட்டி முட்டை அட்டை மேல் ஒட்டினார். மேடையேறும் முன் அவள் கையைப் பிடித்தால் ஜில்லென்றிருக்கும். பிடித்த கையை விட்டுவிட்டு என் குச்சிகளைத் தேடப் போய்விடுவேன்.

மூன்றாம் வருடம் பெரிய மைதானத்தில் கூப்பிட்டார்கள். இரண்டாயிரம் பேர். மாலையில் தூறி, மேடை நனைந்திருந்தது. சவுண்ட்காரர் கறாரான ஆள். காற்றில் குரல் எடுபடாது, உதட்டை மைக்கில் ஒட்டிப் பாடுங்கள் என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெரிய மனுஷன் நான், சரி என்று தலையாட்டினேன்.

மச்சான் வழக்கம்போல மைக்கைச் சோதித்தார். எரியவில்லை. நான் குச்சிகளைத் தட்டி எண்ணத் தொடங்கினேன். ஒன்று. அவர் கையை இறக்கும்போது டெஸ்டரின் முனை அவள் கிட்டார் கம்பியில் பட்டது. பளிச்சென்று சிவப்பு. மைக்கில் இல்லை, அவள் கையில் இருக்கிறது கரண்ட்; உதடு மைக்கில் பட்டால்தான் அது அவள் உடம்பு வழியாகப் பாயும். இரண்டு. நிறுத்த வேண்டிய என் கை தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டு மைக்கை நோக்கிக் குனிந்தாள்.

மச்சான் மைக் ஸ்டாண்டை ஓங்கி உதைத்தார். அது கீழே விழ, கூட்டம் அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து ஆரவாரம் செய்தது. அவர் ஓடிப்போய் ஆம்பின் பிளக்கைப் பிடுங்கினார்.

மேடைக்குப் பின்னால் அதைத் திறந்தார். கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் எர்த் வயர் கழற்றிவிடப்பட்டு, நுனியில் கறுப்பு டேப் நேர்த்தியாகச் சுற்றியிருந்தது. அந்தச் சுற்று யாருடையது என்று எங்களுக்குத் தெரியும்.

"நான்தாம்மா. இரைச்சல் போகட்டும்னு கழட்டுனேன். மறுபடி மாட்ட மறந்துட்டேன்" என்றார்.

அவள் அழவில்லை. "கடிக்குதுன்னு அப்பவே சொன்னேன். நீ டெஸ்டரைத்தான் நம்புன அண்ணா, என்னை நம்பல."

என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

மச்சான் வயரை மாட்டி, மேடைக்குத் திரும்பிப் பிளக்கைச் செருகி, விழுந்த மைக்கை நிமிர்த்தி, ஒரு கையால் கிட்டார் கம்பியை இறுகப் பிடித்தார். டெஸ்டரை எடுக்கவில்லை. கண்ணை மூடி, உதட்டை மைக்கில் வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. நான்தான் பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

இன்றுவரை ஒவ்வொரு மேடையிலும் முதலில் அவர்தான் வாயை வைக்கிறார். ஒண்ணுமில்லம்மா என்று தலையாட்டுகிறார். அவள் சரி என்கிறாள். ஆனாலும் ஒரு சாண் தள்ளித்தான் நிற்கிறாள்.