பதினேழாவது சொல்

அவளை எல்லோரும் அகராதி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்த புண்ணியவான் அவள் கணவன். பேருந்து ஓட்டுகிறவன். நாள் முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதால், வீட்டுப் படி ஏறியதும் பேச்சு அவனுக்குப் பீறிட்டுக்கொண்டு வரும். அகராதி பிடித்தவள் என்றால் நம் பேச்சில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனால் தமிழ் தெரியாத வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது என்று பாதி அர்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கணவனுக்கே விட்டுவிட்டாள்.

பிறந்தபோதே மொழிபெயர்ப்பாளராகப் பிறக்கவில்லை. அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சலவை அறையில், பதினோரு வருடம் படுக்கை விரிப்பு மடித்தவள். ஒரு மத்தியானம் துவைத்த விரிப்புகளை வண்டியில் தள்ளிக்கொண்டு பிரசவ வார்டுக்குப் போனபோது, உள்ளே ஒருத்தி தமிழில் கத்திக்கொண்டிருந்தாள். வலியில் கத்துகிறாள் என்று நர்சுகள் அவளைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "காலு மரத்துப் போச்சுடி, திரும்பிப் படுக்க விடுங்கடி" என்று அவள் கத்தியது அங்கே ஒருவருக்கும் புரியவில்லை. இவள் வண்டியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் விஷயத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகு எந்த வார்டில் தமிழ் கேட்டாலும் சலவை அறைக்கு ஆள் வரும். இரண்டு வருடம் படித்து, பரீட்சை எழுதி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு மாடிக்கு வந்தாள். மாடிக்கு வந்த பிறகும் லிஃப்டில் டாக்டர்கள் ஏறினால் ஓரமாக ஒதுங்கி நிற்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

நம் ஊர் நோயாளிகளின் பேச்சில் சாமி சம்பந்தமாக வரும் சொற்களுக்கு ஒரு கையேடு எழுதித் தர முடியுமா என்று நிர்வாக அதிகாரி கேட்டபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஒரு நோயாளியின் தலைமாட்டில் இருந்த பிரசாதப் பொட்டலத்தைக் காய்ந்த குப்பை என்று ஒருவர் கூடையில் போட்டு, வார்டே இரண்டுபட்டிருந்தது. இன்னொரு இளம் டாக்டர் மரியாதை காட்டுகிறேன் பேர்வழி என்று எங்கேயோ கற்றுக்கொண்ட 'நமஸ்தே'யைக் கைகூப்பி, தலை குனிந்து, வெகு உருக்கமாகச் சொல்லப்போக, அந்த நோயாளி தன் கதை முடிந்தது என்று நினைத்து உயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

நாற்பது சொற்கள். மூன்று மாதம் சாப்பாட்டு மேஜையை ஆக்கிரமித்துக்கொண்டு எழுதினாள். பிரசாதம் என்பது தின்பண்டம் அல்ல, சாமிக்குப் படைத்துத் திரும்பி வந்தது. அளவு முக்கியமில்லை, ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தாலே போதும், ஆகவே சர்க்கரை நோயாளியோடு சண்டை வேண்டாம். விரதம் என்பது பட்டினிப் போராட்டம் அல்ல. மாத்திரைக்குத் தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரிடம் 'உனக்குப் புண்ணியமா போகும்' என்றால் அது நன்றிக்கும் மேலே. அந்தக் கணக்கை எழுதிவைப்பவர் வேறு ஒருவர். அவதாரம் என்பது கம்ப்யூட்டரில் பெயருக்குப் பக்கத்தில் வரும் சின்னப் படம் அல்ல. இப்படியெல்லாம் சுளுவாகத்தான் எழுதிக்கொண்டு போனாள்.

பதினேழாவது சொல்லுக்கு வந்தபோதுதான் அவளுக்குள் ஏதோ புகுந்துகொண்டது. கர்மம். சலவை அறையிலிருந்து வந்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, படிக்கிற டாக்டர் ஒரு நிமிடமாவது அசந்துபோக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அடித்தடித்து எழுதியதில் கடைசியில் நின்றது இது: 'முற்பிறவியில் செய்த செயலின் பலன். ஒரு நோயாளி இந்தச் சொல்லைச் சொன்னால், தன் துன்பத்தை அமைதியாக ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று பொருள். அவரோடு வாதாட வேண்டாம். அவருடைய நம்பிக்கையை மதிக்கவும்.'

கணவனுக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டினாள். அவன் கால்களை நீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா என் சாக்ஸ எடுக்கறப்பல்லாம் நீ கர்மம் கர்மம்னு சொல்றியே, அது எந்தப் பிறவி?" என்றான்.

"உங்ககிட்ட காமிச்சேன் பாருங்க, என்னச் சொல்லணும்" என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

கையேடு பச்சை அட்டை போட்டு வந்தது. நர்சுகளின் சட்டைப் பையில் அது துருத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு நடை கொஞ்சம் மாறும். மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அச்சடித்து அனுப்பப் போவதாக நிர்வாக அதிகாரி சொல்லியிருந்தார். வாழ்க்கையில் அவள் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரே இடத்தில்தான். அவள் பெருமைப்பட்டதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

பிறகு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு இரண்டு நாள் லீவு போட்டாள். புதன்கிழமை காலை, ஒரு பக்கக் கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருக்க வேலைக்கு வந்தவள், இருதய வார்டு வாசல் பெஞ்சில் ஒரு அம்மாள் துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அழுவதைப் பார்த்தாள். ஏதோ தமிழில் முணுமுணுத்தது காதில் விழுந்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என்னாச்சுக்கா?"

தன் மொழியைக் கேட்டதும் அந்த அம்மாளுக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது. "கைய விரிச்சுட்டாங்கம்மா. வீட்டுக்காரருக்கு இருதயத்துல வால்வு சுருங்கிப் போச்சு, ஆபரேஷன் பண்ணாத்தான் ஆச்சுன்னு சேத்தாங்க. இப்ப ஆபரேஷன் இல்லையாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமாம், நிம்மதியா இருக்கட்டுமாம். கடைக் கவுண்டர்ல நின்னு கத்துக்கிட்ட பாஷதான் எனக்கு, அதுலயும் அந்த நிம்மதின்னா என்னன்னு புரியாமயா போகும்?"

அகராதி உள்ளே போய்த் தலைமை நர்சிடம் கேட்டாள். நர்ஸ் நல்லவள். நல்லது செய்துவிட்ட முகத்தோடுதான் நோயாளியின் கோப்பைத் திறந்து காட்டினாள். திங்கட்கிழமை தொலைபேசி மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு முறை முயன்றார்களாம், ஆள் கிடைக்கவில்லையாம், அவர் மனைவியும் அப்போது பக்கத்தில் இல்லையாம். ஆனால் நோயாளி தலையில் அடித்துக்கொண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னதால் கையேட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்களாம். கோப்பில் இப்படி இருந்தது: 'நோயாளி அறுவை சிகிச்சையை மறுக்கிறார். மத நம்பிக்கை. கையேடு, சொல் பதினேழு.' மறுநாள், வியாழக்கிழமை அறுவை சிகிச்சைப் பட்டியலிலிருந்து அவர் பெயர் எடுக்கப்பட்டிருந்தது. அடுத்த பட்டியல் மூன்று வாரம் கழித்து. அதுவரை அவர் தாங்குவாரா என்று அவள் கேட்டபோது நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள்.

அகராதி கோப்பை மூடக்கூட இல்லை, கட்டிலுக்கு ஓடினாள்.

அவர் தையல்காரர். அறுபத்தெட்டு வயது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, தலையணைகளில் சாய்ந்து, மூச்சை எண்ணி எண்ணி விட்டுக்கொண்டிருந்தார். அவள் தன்னை யாரென்று சொல்லிவிட்டு, "ஆபரேஷன் வேணாம்னு சொன்னீங்களாண்ணா?" என்று கேட்டாள்.

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"கர்மம் கர்மம்னு சொன்னீங்களாமே."

அவர் யோசித்தார். பிறகு போட்டிருந்த ஆஸ்பத்திரி அங்கியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "இதச் சொன்னேம்மா. நாப்பத்திரண்டு வருஷம் மெஷின்ல உக்காந்தவன் நான். கழுத்துக்கு ஒரு நாடா, இடுப்புக்கு ஒரு நாடா, பின்னாடி பூரா திறந்துபோட்டது மாதிரி. மடிப்பு இல்ல, ஓரம் அடிக்கல. இதையும் ஒருத்தன் தச்சிருக்கான் பாரு, கர்மம், கர்மம்னு தலையில அடிச்சுக்கிட்டேன். அந்தச் சின்ன டாக்டர் ஒரு பேப்பர நீட்டி வேணுமா, வேணாமான்னு சைகையில கேட்டாரு. இந்தச் சட்டையத்தான் கேக்கறாருன்னு, வேணவே வேணாம்னு கைய ஆட்டிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கன்னம் விண்ணென்று தெறித்தது. கூடவே அழுகையும் வந்துவிடும் போலிருந்ததால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீட்டில் அடைத்துக்கொண்ட குழாயைப் பார்த்து, கருகிய பாத்திரத்தைப் பார்த்து, கணவனின் சாக்ஸைப் பார்த்து அவள் தினம் சொல்கிற கர்மம்தான் இது. பிறந்ததிலிருந்து அவள் வாயில் கிடக்கிற சொல். எழுத உட்கார்ந்தபோது மட்டும் அந்த அர்த்தம் கௌரவக் குறைச்சலாகத் தோன்றியிருந்தது.

பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் சுற்று வந்தார். வார்த்தையைச் சிக்கனமாகச் செலவழிக்கிற மனிதர். கூடவே தலைமை நர்சும் சின்ன டாக்டரும். நோயாளி அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்கிறார் என்று அகராதி சொன்னதும், அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, அப்படியானால் மனம் மாறிவிட்டாரா என்று கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. தையல்காரருக்கு இடம் கிடைத்துவிடும். சின்ன டாக்டர் தப்பித்துவிடுவார். பச்சை அட்டைக் கையேடு மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் போகும், அவள் பெயரோடு. யாருக்கும் நஷ்டமில்லை. அந்த 'ஆமாம்' அவள் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அப்போது தையல்காரரைப் பார்த்தாள். பாஷை தெரியாதவர்கள் எல்லோரும் பார்ப்பது போல அவர் டாக்டரைப் பார்க்காமல் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வேறொரு வார்டில், இவள் இல்லாத நாளில், இன்னொருவர் இப்படிப் படுத்துக்கொண்டு எதைப் பார்த்தாவது கர்மம் என்பார்.

"இல்லை. இவர் மறுக்கவே இல்லை. நான் தப்பாக எழுதியிருக்கிறேன்" என்றாள்.

அந்தச் சொல்லுக்குப் பழைய புத்தகங்களில் ஓர் அர்த்தம் உண்டு, செத்தவருக்குச் செய்கிற காரியத்துக்கும் அதுதான் பெயர், ஆனால் எங்கள் வீடுகளில் ஒழுகுகிற குழாய்க்கும் அதையேதான் சொல்வோம், இவர் திட்டியது இந்த அங்கியின் தையலை, யார் எதைப் பார்த்துச் சொன்னார் என்று பார்க்காமல் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எழுதியது என் குற்றம், எல்லாப் புத்தகங்களையும் திரும்ப வாங்கிவிடுங்கள் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். தலைமை நர்ஸின் முகம் சுண்டிவிட்டது. சின்ன டாக்டர் தன் செருப்பைப் பார்த்தார்.

பெரிய டாக்டர் அங்கியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள், பிடுங்கிய இடத்தில் உயிர் போனது. அவர் திட்டவில்லை. போனை எடுத்துப் பேசி, வியாழக்கிழமைப் பட்டியலில் இரண்டாவது இடத்தில் பெயரைப் போடச் சொன்னார். சம்மதப் படிவத்தை அவள் வரிக்கு வரி தமிழில் சொன்னாள், எதையும் கூட்டாமல், எதையும் விழுங்காமல். நூறு பேரில் இரண்டு மூன்று பேர் பிழைப்பதில்லை என்ற வரியையும் சொன்னாள்.

தையல்காரர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடவில்லை. அதை விரலில் உருட்டிக்கொண்டே வேறொரு குரலில் கேட்டார்.

"ஏம்மா, நெஜமாவே இது என் கர்மந்தானோ? நான் எதாவது பண்ணியிருப்பனோ?"

பெரிய டாக்டர், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். மூன்று மாதம் மேஜையில் உட்கார்ந்து தேடிய பெரிய பெரிய வார்த்தைகள் ஒன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"பயப்படுகிறார். தான் செய்த பாவத்துக்குத்தான் இந்த நோய் வந்ததா என்று கேட்கிறார்."

அந்தச் சிக்கனக்கார டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார். தையல்காரரின் முகத்தைப் பார்த்து, மெதுவாக, அவள் சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"இல்லையாம் அண்ணா" என்றாள் அவள். "அறுபத்தெட்டு வருஷம் ராவும் பகலும் திறந்து மூடின வால்வாம். அதுல சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு தேஞ்சு போச்சாம். நல்லவங்களுக்கும் தேயுமாம், கெட்டவங்களுக்கும் தேயுமாம். நீங்க எதுவும் பண்ணலயாம்."

அவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவரு சொன்னாரா, நீயா சொல்றியா?"

மொழிபெயர்ப்பாளர் தன் சொந்தப் பேச்சைப் பேசக் கூடாது. அவள் எழுதிப் பாஸான பரீட்சையில் முதல் விதியே அதுதான்.

"அவரு சொன்னாரு" என்றாள். "நானும் சொல்றேன்."

தையல்காரர் படிவத்தைத் தொடை மேல் வைத்து, கோணல் இல்லாமல் நேராக்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.